லெனாட்டின் அடி

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நடந்தது நடந்ததுதான். அதுவும் இருட்டில் அல்ல, பட்டப்பகலில்.

தெல்லிப்பழைப் பக்கத்தில் ஒரு சுண்ணக்கல் கிடங்கு, கல் அகழ்ந்த பெரும் பள்ளம். முன்பு அங்கே பதினைந்து பேர் சுத்தியலால் கல் உடைத்தார்கள். முதலாளி கல் உடைக்கிற மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். பதினான்கு பேரை ஒரே நாளில் நிறுத்தினார். மிஷினை ஓட்டச் சுதாகரனை மட்டும் வைத்துக்கொண்டார். நிறுத்தப்பட்டவர்களில் மூத்தவர் லெனாட். சுதாகரனை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவரே அவர்தான்.

அன்று மதியம் சுதாகரன் மிஷினை நிறுத்திவிட்டுச் சோற்றுப் பார்சலை அவிழ்த்தான். காற்றே இல்லை. வெள்ளைக் கல்லில் பட்ட வெயில் கண்ணைக் கூச வைத்தது.

டக்... டக்... டங்!

கிடங்கின் அடியில் யாரோ கல் உடைத்தார்கள்.

எட்டிப் பார்த்தான். குந்தியிருந்த ஒருவரின் முதுகு. தலையில் கட்டிய சிவப்புத் துவாய். லெனாட் வழக்கமாக இருக்கும் இடம்.

"லெனாட் அண்ணை!"

திரும்பவில்லை.

ஏதோ பிழையாக இருந்தது. உற்றுப் பார்த்தான். சத்தம் முதலில் கேட்டது... சுத்தியல் பிறகுதான் விழுந்தது.

போனை எடுத்து லெனாட்டை அழைத்தான்.

"ஓம், சொல்லு தம்பி."

குரல் போனில். முதுகு கிடங்கில்.

"எங்கை அண்ணை நிக்கிறியள்?"

"நல்லூர்க் கோயிலடியிலைதான். சைக்கிள் விடுற இடத்திலை துண்டு குடுத்துக்கொண்டு இருக்கிறன். ஏன்ரா?"

டக்... டக்... டங்!

போனில் லெனாட்டுக்கும் அது கேட்டது.

"ஆரடா உங்கை கல் உடைக்கிறது?"

"தெரியேல்லை அண்ணை..."

"உது என்ரை அடியெல்லே! ரெண்டு தட்டு, ஒரு போடு. வேறை ஒருத்தரும் அப்பிடி அடிக்கமாட்டினம்."

சத்தம் நின்றது.

முதுகு நிமிர்ந்தது.

தலை மெல்ல... மெல்ல... திரும்பியது.

முகம் தெரிவதற்குள் சுதாகரன் ஓடினான்.

பின்னேரம் லெனாட்டின் வீட்டுக்குப் போனான். அவருடைய மனைவி வாசல் படலையிலேயே மறித்தார்.

"இவரைத் திருப்பி வேலைக்கு எடுத்துப்போட்டாங்களே தம்பி? எனக்கு ஒளிக்கிறார்."

"இல்லை அக்கா. ஏன்?"

"அப்ப உந்தக் கை?"

உள்ளே இருந்து வந்த லெனாட் உள்ளங்கைகளை விரித்தார். உடைந்த கொப்புளங்கள். பச்சைப் புண். புண்ணுக்குள் வெள்ளைக் கல்தூள்.

"நிப்பாட்டின நாளிலையிருந்து நான் சுத்தியலைத் தொடேல்லை," என்றார். "ஆனா ஒவ்வொரு நாளும் பின்னேரம் கை இப்பிடித்தான்."

சுதாகரன் மதியம் கிடங்கில் கண்டதைச் சொன்னான்.

லெனாட் கைகளை மூடிக்கொண்டார்.

"தம்பி... கிடங்கிலை இருக்கிறவனைக் கலைச்சுப்போடாதை. அவனுக்காவது வேலை இருக்கட்டும்."