கொதிக்கிற பாலில் வெல்லம்

இன்று மதியக் காட்சிக்கு என் மனைவி சுதாவோடு தி.நகரில் ஒரு படம்.

அரண்மனைச் சமையல்காரனின் கையில் மந்திரம். அவன் சமைத்ததைச் சாப்பிட்டால் அவன்மேல் காதல் வந்துவிடும். அதனால் இளவரசி மட்டும் அதைத் தொடக்கூடாது. தொடுகிறாள். அதற்கே இடைவேளை வந்துவிட்டது.

பாதித் தியேட்டர் போனை நோண்டிக்கொண்டிருந்தது. சுதா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கிளைமாக்ஸில் இளவரசிக்குப் பாயசம். கொதிக்கிற பாலில் வெல்லப்பாகை அப்படியே ஊற்றினான் ஹீரோ. அடுப்பு முன்னால் நின்றும் அவனுக்கு ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"பால் திரிஞ்சுடும் சுதா," என்றேன்.

"மந்திரம்ங்க அது. பேசாம பாருங்க."

பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டில் சமையல் நான்தான். என் சாம்பாரைச் சாப்பிட்டு அவள் ஒருநாளும் கண்கலங்கியதில்லை. மிளகாய் கூடிப்போன நாட்களைச் சேர்க்க வேண்டாம்.

கோட்டூர்புரம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "அந்தப் பாயசம் பண்றீங்களா?" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெல்லப்பாகை ஃபேனுக்கு அடியில் ஆறவைத்து, அதற்கப்புறம்தான் பாலை ஊற்றினேன். திரியவில்லை. இரண்டு கிண்ணம் குடித்தாள். கண் மட்டும் கலங்கவில்லை.

இப்போதுதான் அவள் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். என் கிண்ணம், என் பாயசம், பக்கத்தில் அந்த ஹீரோவின் படம். கீழே, "இவன் கையால ஒரு வாய் கிடைச்சா போதும்!"

அங்கே ஓடிப்போய் இதயம் போட்ட நண்பர்கள் என்னுடைய இந்தப் பதிவுக்கும் ஒன்று போட்டுவிட்டுப் போங்கள். வெல்லத்தை ஆறவைத்தவன் நான்.