வெள்ளை நூல், கறுப்பு நூல்

நீதிமன்றக் காட்சி வந்ததும் தையல்காரர் ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினார். வாதத்தின் நடுவே, வாய் பாதி திறந்தபடி, அந்த நடிகர் திரையில் நின்றார். தையல்காரர் முகத்தைப் பார்க்கவில்லை. மூக்கு திரையில் இடித்துவிடும்போலக் குனிந்து, சட்டைக் காலரில் ஓடும் தையலைத் தேடினார்.

"தையல் தெரிஞ்சா படம் சுத்தம். தெரியலைன்னா, பழைய படத்தைப் புதுப்பிக்கிறேன்னு கண்டபடி துடைச்சிருக்கானுங்கன்னு அர்த்தம். மூஞ்சியை மெழுகா வழிச்சு வெச்சுடுவான். பாக்கிறவன் பளபளன்னு இருக்கேன்னு ஏமாந்துடுவான்."

அவர் வீட்டில் வேறு நடிகருக்கு இடமில்லை. இந்த ஒருவரின் படங்களே, ஒவ்வொன்றும் நான்கைந்து பதிப்பாக, துணி அலமாரியின் மேல்தட்டை அடைத்திருக்கின்றன. தேறிய டிஸ்க்கின் பெட்டியில் வெள்ளை நூல் கட்டுவார், தேறாததற்குக் கறுப்பு. கறுப்பே மிகுதி. அவர் "பரவாயில்ல" என்றாலே டிஸ்க் கடைக்காரர் அதை வாசலில் தெரியும்படி அடுக்கிவிடுவார். கடைக்காரருக்கு இவர் 'ஜட்ஜய்யா'. கட்டிய நூலை ஒருநாளும் அவிழ்த்ததில்லை. தீர்ப்பானதை மறுபடி போட்டுப் பார்ப்பதும் இல்லை. பழைய பதிப்பு எப்படி இருந்தது என்பது மனத்திலேயே இருக்கிறதாம்.

அன்றைய புதிய பதிப்புக்கும் கறுப்பு நூல்தான்.

"சட்டை வெள்ளையே இல்ல, மஞ்சளா அடிக்குது. போட்டவனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று தொலைபேசியில் பொரிந்தார். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் அத்தனையையும் உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

"உங்க ஆளுக்குக் காமாலையா?" என்று மனைவி சிரித்தாள்.

அடுத்த வாரம் அவள் சிரிக்கவில்லை. தைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை ஒன்று திரும்பி வந்திருந்தது. அதை அவர் மடியில் விரித்தாள். பொத்தான் துளைகளின் காஜா முழுக்கச் சந்தன நிற நூல்.

"வெள்ளைதானே இது?"

"இல்லைங்க. கண்ணுல புரைன்னு டாக்டர் சொன்னப்பவே ஆபரேஷன் பண்ணியிருக்கணும்."

"எனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியுது."

"அப்போ அதே படத்தோட பழைய டிஸ்க்கைப் போடுங்க. நீங்களே வெள்ளை நூல் கட்டினதுதானே."

அவர் எழுந்து, மெல்லிய லைனிங் துணியால் டிஸ்க்கை நடுவிலிருந்து விளிம்புவரை துடைத்தார். வழக்கத்தைவிட மெதுவாக. அதே நீதிமன்றம், அதே காலர். தையல் இருந்தது. சட்டை மஞ்சளாக இருந்தது.

ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மற்றதை மூடிப் பார்த்தார். திரும்பி வந்த சட்டையைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டும் ஒரே நிறம்.

"அப்போ புதுசு?"

"பளிச்சுன்னு வெள்ளையா இருந்துச்சுங்க. அன்னிக்கே சொல்லலாம்னு பாத்தேன். கேக்கிற ஆளா நீங்க?"

அவர் சட்டையை மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

"கடைக்காரர்கிட்ட நான் சொல்லிடட்டுமா?"

"வேணாம். நான்தானே சொன்னேன். நானே சொல்றேன்."

அலமாரியிலிருந்து புதிய பதிப்பை எடுத்தார். முடிச்சு இறுகியிருந்தது, நகத்துக்கு வசப்படவில்லை. பல்லால் கடித்துக் கறுப்பு நூலை அறுத்தார். பிறகு நூல் பெட்டியைத் துழாவி இரண்டு கண்டுகளை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிக்கூடப் பார்க்காமல், உள்ளங்கையில் வைத்து மனைவியிடம் நீட்டினார்.