மத்தியாஸின் பங்குனிக் கிறிஸ்துமஸ்

சின்னப் பையன் சட்டை ஒன்றை விரித்துத் தன் இடுப்போடு வைத்துக் குனிந்து பார்க்கிறார் மத்தியாஸ். "இவன் இப்ப மூணு பெட்டி உசரம் பாய். கிறிஸ்துமசுக்குள்ள மூணேகாலு ஆயிருவான். இதுக்கு அடுத்த அளவு குடுங்க." கடைக்காரர் அகமது மீரான் சிரிக்காமல் அடுத்த அளவை எடுத்துப் போடுகிறார். மேலப்பாளையத்தில் நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது. பெருநாளுக்கு வந்து விற்காமல் தங்கிய உருப்படிகள் பாதி விலைக்கு இறங்கிக் கிடக்கின்றன. வெளியே பங்குனி வெயில் ரோட்டுத் தாரை இளக்கிக்கொண்டிருக்கிறது.

பெட்டி என்று அவர் சொல்வது மீன் பெட்டியை. மத்தியாஸ் உவரிக்காரர், நாற்பத்தாறு வயது. கடற்கரையில் ஏலம் போகும் மீனைக் ‘குட்டியானை’ என்று எல்லோரும் அழைக்கும் சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றி மேலப்பாளையம், பேட்டை, முக்கூடல் என்று இறக்கிக்கொண்டே போவது தொழில். தங்கை பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் அவர்களை வண்டிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, ஐஸ் போடும் வெள்ளைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உயரம் பார்ப்பார். வீட்டில் டேப் இருக்கிறது. அதை அவர் நம்புவதில்லை. "டேப்ப கண்டா பிள்ளைய வெறச்சுக்கிட்டு நிக்கும். பெட்டி பக்கத்துல சும்மா நிக்கும்லா?"

அப்பாவும் அம்மாவும் போன பிறகு உவரி வீடு தங்கைகளுக்கு அண்ணன் வீடு ஆகிவிட்டது. பெரிய தங்கையைக் கூத்தங்குழியிலும் சின்னவள் பெனிஷாவைப் பெரியதாழையிலும் கட்டிக்கொடுத்திருக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று இருவரும் புருஷன், பிள்ளைகளோடு வந்துவிடுவார்கள். அண்ணன் வீட்டுத் துணி என்பது அவர்களுக்கு வெறும் துணி அல்ல. புகுந்த வீட்டில் அதை வைத்துத்தான் பேச்சு ஓடும். ஒரு வருஷம் பெரிய மச்சானுக்கு அரைக்கைச் சட்டை எடுத்துவிட்டார். அவர் ஈஸ்டர் வரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முன்பெல்லாம் மத்தியாஸும் மற்றவர்களைப் போல டிசம்பரில்தான் துணி எடுத்தார். டிசம்பரில் கடல் கலங்கிக் கிடக்கும், வண்டிக்கு லோடு பாதியாகிவிடும், துணிக்கடையில் மட்டும் கூட்டம் இரட்டிப்பாகும். அப்படி ஒரு டிசம்பரில், வண்ணார்பேட்டையில் பெரிய துணிக்கடை ஒன்றின் மாடிப்படியிலேயே கைநிறையப் பைகளோடு உட்கார்ந்துவிட்டார். நெஞ்சை அடைத்தது, கை மரத்தது. ஆஸ்பத்திரியில் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு வாயு என்றார் டாக்டர். மத்தியாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "வாயு இல்ல டாக்டரே, இது கிறிஸ்துமசு" என்றார்.

அதற்குப் பிறகு வந்த பழக்கம் இது. எந்தக் கடையில் எப்போது தள்ளுபடி போட்டாலும் ஒருவருக்கு எடுத்துவிடுவார். பங்குனியில் பிள்ளைகளுக்கு, ஆடியில் தங்கைகளுக்கு, தீபாவளிக் கூட்டம் வடிந்ததும் மச்சான்களுக்கு. எல்லாருக்கும் முன்னால், தை மாதமே, தனக்கு ஒரு சட்டை. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு அவர் பதில் வைத்திருக்கிறார். "எனக்கு எடுக்கலன்னா வீட்டுக்காரி அழுவா. அவ அழுதா எனக்குக் கோவம் வரும். அந்தச் சண்டைக்கு ஒரு சட்ட மலிவு வே."

எடுத்ததை உவரிக்குக் கொண்டுபோவதில்லை. வண்டியில் ஏற்றினால் மீன் வாடை ஏறிவிடும் என்பது ஒன்று, வீட்டில் வைத்தால் வந்துபோகும் பிள்ளைகள் பிரித்துவிடும் என்பது ஒன்று. மீரானின் கடைப் பரணில் ஒரு மூலை அவருக்கு. மார்கழியில்தான் மூட்டை கீழே இறங்கும்.

இத்தனை ஏற்பாட்டிலும் அவர் மனசில் ஒரு முள் இருந்தது. தம்பி பெனிட்டோ. இப்போது அவன் தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் வேலை பார்க்கிறான், வாரம் தவறாமல் ஊருக்கு வருகிறான். போன வருஷம் வரைக்கும் அரபு நாட்டில், தோஹாவில் இருந்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கயிறு கட்டிய பெரிய பெட்டியோடு வந்து இறங்குவான். மறுநாள் நடுவீட்டில் அந்தப் பெட்டியை அவிழ்ப்பதுதான் விசேஷம். ஒரு வருஷம் முழுக்கப் பார்த்துப் பார்த்து எடுத்த அண்ணன் துணி, பெட்டி திறந்த பிறகு நாற்காலி மேல் கிடக்கும். மத்தியாஸ் எதுவும் சொன்னதில்லை. அன்றைக்குச் சோறு மட்டும் கொஞ்சம் குறைவாக இறங்கும் என்கிறார் அவர் மனைவி கிரேஸி.

சென்ற டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி காலை, பேட்டையில் மீன் இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மறுநாள் திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கவேண்டிய பெனிட்டோ பேசினான். "அண்ணே, நான் ஜங்ஷன்ல நிக்கேன். வீட்டுக்குச் சொல்லாத."

ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரே ஒரு பழைய சூட்கேஸோடு நின்றிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. டீக்கடையில் வைத்துத்தான் விஷயத்தைச் சொன்னான். அக்டோபரிலேயே கம்பெனியை மூடிவிட்டார்கள். பாக்கிச் சம்பளம் வரவில்லை. இரண்டு மாதமாகச் சென்னையில் ஒரு கூட்டாளியின் அறையில் தங்கி வேலை தேடிக்கொண்டிருக்கிறான்.

"உன்ன ஒரு தடவ பாத்துட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன். சாயங்கால வண்டில திரும்புதேன். லீவு கெடைக்கலன்னு வீட்டுல சொல்லிரு."

"எதுக்குலே?"

"வெறுங்கையோட எப்படிண்ணே வாறது? பிள்ளைய எல்லாம் என் மொகத்தயா பாக்கும்? கையத்தான் பாக்கும்."

மத்தியாஸ் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். "சாப்டியா?" என்று கேட்டார். இரண்டு இட்லி வாங்கிக்கொடுத்துத் தின்னவைத்து, "ஏறு" என்றார். சூட்கேஸ் காலிப் பெட்டிகளுக்கு நடுவே ஏறியது.

மேலப்பாளையத்தில் பரணிலிருந்து மூட்டையை இறக்கி, கடையின் உள்ளறையில் கொட்டி, மத்தியாஸ் துணிகளை இரண்டாகப் பிரித்தார். நல்லதெல்லாம் ஒரு பக்கம் போனது. ஆடியில் பெனிஷாவுக்கு என்று ஒரு மணி நேரம் நின்று எடுத்த சுடிதார் துணி, மச்சானின் முழுக்கைச் சட்டை, பிள்ளைகளின் ஜீன்ஸ். மிச்சம் இந்தப் பக்கம். அண்ணன் என்ன செய்கிறார் என்று பெனிட்டோவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"வேண்டாம்ணே. எனக்குப் பிச்ச போடாத."

மத்தியாஸ் கையை நிறுத்தினார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பிச்ச இல்லலே. நீ பெட்டியத் தொறந்தா என் துணிய ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான், தெரியுமா ஒனக்கு? அஞ்சு வருசமா எனக்கு எரியுது. இந்த வருசம் ரெண்டு பக்கமும் என் துணிதான். எத எடுத்து ஒசத்தின்னு சொன்னாலும் நான் எடுத்ததுதான். எனக்கு அதப் பாக்கணும்." பிறகு சட்டையை மடித்துக்கொண்டே பையச் சொன்னார்: "நீ இல்லாம எல்லாரையும் உக்காத்தி வச்சு நான் எப்படிலே கேக்கு வெட்டுவேன்?"

பெனிட்டோ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மீரான் எழுந்தார். "நானும் அரபு நாட்டுல, தம்மாம்ல பதினோரு வருசம் கெடந்தவன். பெட்டி கட்டுறத என்கிட்ட விடுங்க வே." பிளேடால் விலைச் சீட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்தார். அவர் மச்சினன் ஃபாரின் சாமான் கடை வைத்திருக்கிறான். அங்கிருந்து சோப்பு, பவுடர், சாக்லேட், கோடாலித் தைலம் எல்லாம் வந்தன. மத்தியாஸ் முன்சக்கர டயருக்கு வைத்திருந்த பணம் அதில் போனது. துணிகளைப் பூத்துவாலையில் சுருட்டி, இடையிடையே சோப்பைச் செருகி, அட்டைப் பெட்டியில் அடைத்து, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டினார் மீரான். தடித்த மையில் பெனிட்டோவின் பெயரை எழுதினார். பிறகு எட்ட நின்று பார்த்துவிட்டு, திருப்தியில்லாமல், மூலையில் ஓங்கி இரண்டு உதை விட்டார். பெட்டி நெளிந்தது. "ஏரோப்ளேன்ல வந்தது இவ்வளவு அழகா இருக்காது" என்றார். பெனிட்டோ அன்று முதல்முறையாகச் சிரித்தான்.

அன்றிரவு அவன் மீரான் வீட்டில் தங்கினான். மறுநாள் சவரம் செய்து, மீரான் கொடுத்த சென்ட்டைப் போட்டுக்கொண்டு, பெட்டியோடு உவரியில் பஸ் இறங்கினான்.

மத்தியாஸால் கிரேஸியிடம் எதையும் மறைக்க முடியாது. அடுப்பில் அச்சுமுறுக்குக்கு எண்ணெய் காயும்போது சொல்லிவிட்டார். கிரேஸி அச்சை மாவில் தோய்த்தார். "தம்பிக்குக் குடுத்தது சரி. தம்பி பேருல குடுத்தீங்கல்லா, அதான் எனக்கு வலிக்கு" என்றார். பிறகு முறுக்கை எண்ணெயில் உதறினார்.

கிறிஸ்துமஸ் காலை, நடுச்சாமப் பூசை முடிந்த அலுப்பெல்லாம் தீர்ந்து, எல்லோரும் நடுவீட்டில் கூடினார்கள். கயிற்றை அறுக்க மச்சான்மார் இரண்டு பேர் போட்டி போட்டார்கள். நெளிந்த மூலையைத் தடவி, "எப்படித்தான் தூக்கிப் போடுதானுவளோ" என்று பெரிய மச்சான் வருத்தப்பட்டார். பெனிஷா சுடிதார் துணியைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்றாள். "வெளிநாட்டுத் துணின்னா அந்த வழுவழுப்பே தனி. நம்மூருல இந்தக் கலரு கெடைக்குமா?" மத்தியாஸ் மோவாயைச் சொறிந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம்தான் என்று கிரேஸி இன்றும் சத்தியம் செய்கிறார்.

பிறகு அண்ணன் துணி வந்தது. ஆளுக்கு ஒன்று. பெரிய மச்சான் கவருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே பக்கத்தில் வைத்தார். பெனிஷா மனசில் ஒன்றும் இல்லாமல்தான் கேட்டாள்: "என்னண்ணே, இந்த வருசம் கையச் சுருக்கிட்ட?"

"கடல் சரியில்ல தாயி."

"தோஹால இருந்து சின்னண்ணன் நெனச்சு நெனச்சு வாங்கிட்டு வந்துருக்கு. நீ இங்கனதான இருக்க" என்றாள் அவள்.

வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெனிட்டோவின் முகம் சிவந்தது. அவன் எழுந்துவிட்டான். "பெனிஷா, அந்தப் பெட்டில இருக்கது பூராவும்..." என்று தொடங்கினான்.

மத்தியாஸ் பிள்ளைகளுக்குக் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே போட்டார். தட்டிலிருந்த துண்டுகளில் பெரியதை எடுத்துக்கொண்டு இரண்டே எட்டில் தம்பியிடம் போனார். திறந்திருந்த வாயில் அதை முழுசாகத் திணித்தார். பிள்ளைகள் கைதட்டின. பெனிட்டோவுக்கு மூச்சு முட்டி, கண்ணில் நீர் கட்டியது. மத்தியாஸ் இடது கையால் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டார். அவன் மென்று முழுவதும் விழுங்குகிற வரைக்கும் விடவில்லை.