கித்தான் தும்பிக்கை

வாங்குகிறவரே கண்ணெடுத்துப் பார்க்க விரும்பாத சாமானை விற்பதுதான் எங்கள் தொழில். கட்டடத்தில் தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்கள் சறுக்கி இறங்குவதற்காக, கித்தான் துணியில் நீளமான குழாய் செய்து கொடுக்கிறேன். இன்சூரன்ஸ் ஏஜெண்டுகளுக்கும் பல் டாக்டர்களுக்கும் என் கஷ்டம் சொல்லாமலே புரியும். மற்ற அன்பர்களும் ஒரு தடவையாவது வேண்டாத சாமானோடு அடுத்தவர் வாசலில் நின்றிருப்பீர்கள்.

சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு, புதுக்கோட்டையில் ஒரு ஆபீசில் கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்த என்னை வெளியூருக்கு மாற்றினார்கள். நான் போகவில்லை. அது வீம்பா சோம்பலா என்று இன்றும் எனக்குத் தெரியாது. நாற்பது வயதில் இந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டேன். முதல் ஆர்டருக்கு நான் நம்பியிருந்தது திருமயம் பக்கத்தில் ஒரு செட்டியார் வீட்டை. அதுவும் கைகூடாவிட்டால், கீரனூரில் மைத்துனரின் சைக்கிள் கடைக்குப் போய்விட வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

தேங்காய் இறங்கியது

டூரிங் கொட்டகைகளுக்குக் கித்தான் தைக்கும் காதர்தான் எனக்குக் கூட்டாளி. முதல் குழாயைக் கீரமங்கலத்தில் ஒரு தேங்காய் மண்டியின் மாடியில் கட்டிச் சோதித்தோம். முதல் மூட்டை நேராகப் போய் விழுந்ததில் பாதிக் காய்கள் உடைந்தன. கீழ் நுனியைத் தள்ளி இழுத்து ஒரு வண்டியில் கட்டிச் சரிவு கொடுத்தோம். அடுத்த மூட்டை பூப்போல இறங்கியது. ஒரு காய்கூட உடையவில்லை.

மகிழ்ச்சியில், மூட்டை தூக்குகிற கருப்பையாவை இறங்கச் சொன்னேன். அவர் குழாயின் வாயை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தேங்கா ஒங்களை நம்பியா சார் எறங்குச்சு? நீங்கள்ல கட்டித் தள்ளி விட்டீங்க."

சொல்லக் கூடாத பேச்சு

மறுநாள் நானே இறங்கினேன். முழங்கையில் தோல் போனதே தவிர வேறு சேதமில்லை. அந்தத் தைரியத்தில் காதரோடு செட்டியார் வீட்டுக்குப் போனேன்.

இரண்டு மாடி வீடு. மகள் கல்யாணத்துக்கு வருகிறவர்களை மேல்மாடி ஹாலில் தங்கவைக்க ஏற்பாடு. அதற்கு இருப்பதோ ஒரே படிக்கட்டு, அதுவும் தேக்கு மரத்தில். பர்மாவில் வியாபாரம் செய்தபோது, தீப்பிடித்த ஒரு மாடியில் ஆட்கள் இறங்க வழியில்லாமல் நின்றதைப் பார்த்தவர் செட்டியார். வீட்டில் இருக்கும் பத்தொன்பது பேரும் இதில் இறங்கிக் காட்டினால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அவருடைய அண்ணன், எல்லாரும் 'பெரியவர்' என்று அழைப்பவர், காதைப் பொத்திக்கொண்டார். கல்யாண வீட்டில் தீ என்ற பேச்சே எடுக்கக் கூடாதாம். நான் காற்று, சரிவு, தையல் என்று விளக்க விளக்க அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. காதர் என் கையை அமுக்கிவிட்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க ஐயா, யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சாமானுங்க" என்றார்.

பெரியவர் காதிலிருந்து கையை எடுத்தார். "தும்பிக்கைன்னா சரி. பிள்ளையார் நம்ம வீட்டுக்கு வரட்டும்."

சூடம்

தும்பிக்கை என்று சொல்லிவிட்டதால், நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்டார்கள். குழாய்க்குச் சந்தனம், குங்குமம், அருகம்புல் மாலை. குருக்கள் தட்டில் சூடம் ஏற்றிக் குழாயின் வாயைச் சுற்றிக் காட்டினார். மாடிக் காற்றில் எரிகிற சூடம் ஒன்று சரிந்து கித்தான் மேல் விழுந்தது. தட்டி அணைப்பதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

எனக்குச் சைக்கிள் கடை கண்ணில் தெரிந்தது. கித்தானைப் படிகாரத் தண்ணீரில் மூன்று தடவை முக்கியெடுக்க வேண்டும், அப்போதுதான் சட்டென்று நெருப்புப் பற்றாது. அவசரத்தில் இரண்டு தடவையோடு நிறுத்தியிருந்தேன். அது எனக்கு மட்டுந்தான் தெரியும். ஒட்டுப்போட்டு மறுபடி முக்கித் தருகிறேன், ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். ஏன் என்று செட்டியார் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று பல நாள் என்னையே கேட்டிருக்கிறேன். அவர் கேட்கும் முன்பே குருக்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"திருஷ்டி கழிஞ்சுது. இனிமே ஒரு குறையும் வராது."

யார் முதலில்?

ஒரு வாரம் கழித்து, மூன்று தடவை முக்கிய குழாயோடு போனோம். பெண்களுக்குச் சேலை ஏறாமல் இருக்க, இடுப்பு வரை இழுத்துக் கட்டும் பைகளைக் காதரின் மனைவி தைத்துக் கொடுத்திருந்தார். பத்தொன்பது பேரும் மேல்மாடியில் கூடினார்கள். செட்டியார் கையில் கடிகாரம்.

மரியாதைப்படி பெரியவரை முதலில் இறங்கச் சொன்னேன். அடுத்து நின்ற மூத்த மருமகள் பின்வாங்கினார். "மாமா தலைக்கு மேல எங் காலு வரும். நான் மாட்டேன்." சரி, நீங்கள் முன்னால் போங்கள் என்றேன். "மாமா நிக்கையில நான் முந்துறதா?" தம்பிகள் அண்ணன்களைப் பார்த்தார்கள், அண்ணன்கள் பெரியவரைப் பார்த்தார்கள். கால்மணி நேரம் ஒருவரும் இறங்கவில்லை. சரிவுக்குக் கணக்குப் போட்டிருந்தேன், எடைக்குப் போட்டிருந்தேன். மரியாதையைக் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை.

செட்டியார் கடிகாரத்தைப் பையில் போட்டார். "சாமான் நல்லாத்தான் இருக்கு சார். எங்க வீட்டாளுகதான் இதுக்குத் தோதுப்படலை."

வரவேற்பு

நான் குனிந்து முற்றத்தைப் பார்த்தேன். வண்டியையும் காதரையும் தவிர அங்கே யாரும் இல்லை. "பெரியவர் கீழே போய் இறங்கும்போது, வாங்கன்னு கூப்பிட வீட்டாள் ஒருத்தர்கூட இல்லையே" என்றேன். யோசித்துச் சொன்னேன் என்று சொன்னால் பொய்.

"அதானே" என்றார் மூத்த மருமகள். பையை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு குழாய்க்குள் உட்கார்ந்தார், போய்விட்டார். "அக்கா தனியா என்ன செய்யும்?" என்று அடுத்தவர். பிள்ளைகள், தம்பிகள், அண்ணன்கள் என்று ஒவ்வொருவராக, பெரியவரை வரவேற்க விழுந்தடித்துக்கொண்டு இறங்கினார்கள். கடிகாரத்தை வெளியே எடுக்க மறந்து செட்டியாரும் இறங்கிவிட்டார்.

மாடியில் நானும் பெரியவரும் மட்டும். "எனக்கு மேல யாரும் வர மாட்டீகளே?" என்று கேட்டார். "நான் படியில வாரேங்க" என்றேன். அவர் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் காலை நீட்டினார். நான் படியில் ஓடி முற்றத்துக்கு வருவதற்குள் அவர் வண்டியருகே எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். மூத்த மருமகள் செம்புத் தண்ணீரை நீட்ட, சுற்றிலும் பதினேழு பேர் வாங்க வாங்க என்றார்கள். தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத் தம்பியிடம் சொன்னார்:

"இதை அவுக்காதீக. மாப்பிள்ளை வீட்டுக்காரவுகளையும் இதுலயே எறக்குங்க. வாங்கன்னு சொல்ல நான் கீழ நிக்கிறேன்."

அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் எத்தனையோ மாடிகளுக்குக் குழாய் செய்து கொடுத்துவிட்டேன். இதுவரை அவற்றில் இறங்கியவர்கள் அத்தனை பேரும் தீ எதுவும் இல்லாமல் சிரித்துக்கொண்டே இறங்கியவர்கள் என்பதால், நான் செய்தது சரியாக இருந்ததா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ளாமலே ரிடையர் ஆகிவிடுவேன் போலிருக்கிறது, அப்படியே ஆகட்டும்.