மரத்துப்போக ஓர் ஊசி

இரண்டு வருடங்களுக்கு முன், மழைக்காலத்தில், பங்காருபேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது இது. பக்கவாதத்தில் விழுந்த அப்பா, கண் திறக்காமல் வாரக்கணக்கில் படுத்திருந்தார். முதுகில் படுக்கைப்புண். அழுகிய சதையை வெட்டி எடுக்க வேண்டும் என்று இளம் டாக்டர் ஒருவர் வந்தார். கத்தரிக்கோலை எடுத்துவிட்டார், ஊசியைக் காணோம்.

"மரத்துப்போக எதுவும் போடலையா டாக்டர்?"

"இவருக்கு எதுக்கும்மா? கிள்ளினாக்கூட அசைவில்ல. ஸ்கேன் பார்த்தீங்கல்ல? உணர்வுன்னா மூளையோட வேலைதானே. இன்ஜினியர் உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சுரீரென்று கோபம் வந்தது. மனம் என்பது மூளையின் வேலை என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் சென்சார்களைச் சோதிப்பது என் தொழில். மீட்டர் பூஜ்யம் காட்டினால் காரணம் மூன்று இருக்கலாம்: அளக்க ஒன்றுமே இல்லை, வயர் அறுந்திருக்கிறது, அல்லது அதை அளக்க அந்த மீட்டரால் முடியாது. முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு மனிதரை வெட்டலாமா? இதையே டாக்டரிடம் குரலை உயர்த்தாமல் கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பக்கத்தில் சித்தப்பா இருந்தார். அப்பாவோடு சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் உழைத்தவர், பஜனைக்காரர். ஆன்மாவை நம்புகிறவர் என் பக்கம் பேசுவார் என்று திரும்பினேன்.

"இன்னாம்மா, டாக்டர் கூட மல்லுக்கு நிக்கிற? அண்ணனோட ஆத்மா எப்பவோ கெளம்பிட்ச்சி. இது வெறும் கூடு."

ஒருவர் கணக்கில் மூளை போய்விட்டது, இன்னொருவர் கணக்கில் ஆன்மா. எதிரெதிர்க் கட்சிகள், ஆனால் வெட்டுவதில் மட்டும் என்ன ஒற்றுமை!

"வெறும் கூடுன்னா, தெனமும் வந்து அது காதுல கிரிக்கெட் ஸ்கோர் சொல்றீங்களே, ஏன் சித்தப்பா?"

நர்ஸ் வாயைப் பொத்திச் சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. அண்ணன் முகத்தையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"சார், மைன்ஸ்ல பாறை சரிஞ்சா, இந்தப் பக்கத்துலேர்ந்து, உள்ள போற பைப்ப தட்டுவோம். பதில் சத்தம் வரலன்னா, ஆள் இல்லன்னு ஒருத்தனும் வூட்டுக்குப் போனதில்ல. உள்ள கீறான்னுதான் தோண்டுவோம். ஊசி போடுங்க சார்."

"வேஸ்ட்" என்று முணுமுணுத்துக்கொண்டே டாக்டர் போட்டார். அது வேலை செய்யும்வரை அவரைக் காத்திருக்கவும் வைத்தேன்.

அப்பா கடைசிவரை கண் திறக்கவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். அந்த ஊசி அவருக்குத் தேவைப்பட்டதா என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரியாது என்பதால்தான் போடச் சொன்னேன். தெரியாததைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு கத்தரிக்கோலைத் தூக்கிய அந்தத் துணிச்சலை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.