குரலை மாற்றச் சொன்னார்கள்

"கதாநாயகி மெட்ராஸ் பாஷை பேசினா குடும்பத்துல யாரும் பார்க்க மாட்டாங்க" என்று டிவி சேனலில் திருப்பி அனுப்பிய எங்கள் சீரியலுக்கு மாதிரியாக எடுத்த பைலட் எபிசோடை, இருபது நிமிடக் குறும்படமாக வெட்டி, இன்று திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரையிட்டோம்.

குடும்பம் குடும்பமாக வந்தார்கள். நாற்காலி கிடைக்காதவர்கள் நின்றுகொண்டே பார்த்தார்கள்.

அன்று நிராகரித்த அதே சேனல் அதிகாரியும் வந்திருந்தார். படம் முடிந்ததும், "நல்லா வந்திருக்கு. கதாநாயகிக்கு மட்டும் வேற குரல் போட்டு சிடி கொடுங்க, ஒளிபரப்பிடலாம்" என்றார்.

எனக்குக் கொஞ்சம் சபலம்தான்.

எண்ணூர் கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கும் ஷீலாதான் எங்கள் கதாநாயகி. பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"என் மூஞ்சி வோணும், என் பேச்சு வோணாமா சார்? இத்தினி பேரு இன்னா பாஷைய கேட்டு அழுதுகினு இருந்தாங்க?"

நான், "ஷீலா குரலோடதான் சார் தருவோம்" என்றேன்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார். நாங்கள் யோசித்து முடித்துவிட்டோம்.

உங்கள் வீட்டு டிவியில் வரும் கதாநாயகிகள் யாருடைய குரலில் பேசுகிறார்கள்?