ராஜகீழ்ப்பாக்கத்தில் நின்ற மீன் வண்டி

டீசல் வண்டி விஷயத்தில் என் காது பொய் சொல்லாது. பீர்க்கன்கரணையில் பட்டறை போட்ட நாளிலிருந்து கேட்டவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிவருகிறேன். கேட்காதவர்களிடமும்தான்.

அந்த வருடம் புரட்டாசி முடிந்த கையோடு ஆயுத பூஜை வந்தது. மறுநாள் ஞாயிறு. ஒரு மாதம் விரதம் இருந்த ஊரே மீனுக்குக் காத்திருக்கும் காலை. ஆறரை மணிக்குக் கோவளத்து மீன்கார அக்கா போன் செய்தாள். அவளும் புருஷனும் ஒரு பழைய மினி லாரி வைத்திருந்தார்கள். அவர் ஓட்டுவார், அவள் தாம்பரம் மார்க்கெட்டில் விற்பாள். வண்டிக்கு எது வந்தாலும் என் பட்டறைதான்.

"அண்ணா, ராஜகீழ்ப்பாக்கத்துல நின்னுகினு கீறோம். ஒரு கூடை எறக்க வண்டிய நிறுத்தினோம், அப்புறம் கெளம்பவே இல்ல. ஐஸு கரையுது. எட்டு மணிக்குள்ள மார்க்கெட்டுக்குப் போவலன்னா இத்தினி மீனும் நாறிப்பூடும். ஒரு மாசமா யாவாரமே இல்லண்ணா."

"பத்தே நிமிஷம், ஓட வெச்சிடறேன்" என்று ஸ்கூட்டரை உதைத்தேன்.

போய்ச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். எஞ்சின் நன்றாகவே சுற்றியது, பிடிக்கவில்லை. பேட்டரியில் குறை இல்லை. சைலன்சரில் துளிப் புகை இல்லை. அப்படியென்றால் எஞ்சினுக்குள் டீசலே போகவில்லை.

"டேங்க்கக் காய வுட்டு ஏர் புடிக்க வெச்சிட்டியா? எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன்?" என்று அக்காவின் புருஷன் மேல் பாய்ந்தேன்.

"அர டேங்க் கீதுண்ணா" என்றார். வலை பின்னுகிற ஆள், அதற்கு மேல் பேசமாட்டார்.

ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினேன். நுரையே இல்லாமல் சுத்தமான டீசல் வந்தது. குழாயில் காற்று, எங்கள் பாஷையில் ஏர், இல்லை. என் கணக்கு தப்பு என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அடுத்து, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. எஞ்சின் பம்பு வரைக்கும் டீசல் வருகிறது, அதைத் தாண்டவில்லை. அட, இவ்வளவுதானா! நட்டை முடுக்கினேன்.

எஞ்சினை நிறுத்த கேபினில் ஒரு குமிழ் இருக்கும், ஸ்டாப்பர் என்போம். அதை இழுத்தால் டீசல் நின்றுவிடும். முழுதாக உள்ளே தள்ளினால்தான் மறுபடி போகும். பம்பில் அதன் லீவர் திரும்பாமல் நின்றிருந்தது. குமிழிலிருந்து அதற்கு வரும் கேபிளைக் கழற்றிவிட்டேன். லீவர் டக்கென்று திரும்பியது. "அடி!" என்றேன். இரண்டே சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அக்கா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

கேபினில் ஏறிப் பார்த்தேன். ஸ்டாப்பரின் கழுத்தில் நேற்றைய பூஜைச் சாமந்திச் சரம். வண்டியை நிறுத்தக் குமிழை இழுத்தபோது சரத்தின் நார் அதன் பின்னால் புகுந்து, குமிழை உள்ளே போகவிடாமல் அடைத்திருந்தது.

"எந்த அறிவாளி இங்க கட்னது? பூ வெக்க வேற எடமே கெடைக்கலயா?" என்று கத்தினேன்.

அக்காவும் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "உன்னோட ஒரே பேஜாராப் போச்சுய்யா! சாமி கும்புட்றதயாவது ஒய்ங்கா செய்ய மாட்டியா?"

அவர் குமிழின் பக்கம் குனிந்தார். முடிச்சை அவிழ்க்கப் போராடினார். முடியாமல் என் கட்டிங் பிளேயரை வாங்கி அறுத்து, சரத்தை என் உள்ளங்கையில் வைத்தார்.

"எங்க வலை முடிச்சா இருந்தா ஒரே இழுப்புல அவுந்திருக்கும்ணா."

எனக்குக் காது சுட்டது. ஒயர் கட்ட நான் போடுகிற நாலு சுற்று முடிச்சு அது. நேற்று பட்டறையில் ஸ்டீயரிங்குக்கு மாலை போட்டுவிட்டு, இந்தக் குமிழ் மட்டும் ஏன் மொட்டையாக இருக்கவேண்டும் என்று மிச்சப் பூவை நானேதான் கட்டினேன். இவர் அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"அக்கா, அவர ஒண்ணும் சொல்லாதீங்க. கட்னது நான்தான்."

அக்கா புருஷனையே பார்த்தாள். "வாயத் தொறக்காம திட்டு வாங்கிகினு கீறியே, இன்னா ஆளுய்யா நீ?" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கேபிளை மாட்டினேன், அவர் கியர் போட்டார்.

பத்தரை மணிக்குக் காலிக் கூடைகளோடு வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்கும் அந்த வண்டி வந்தது. பூச்சரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டேன்.